நாற்பது நொடி: கிளெம்சனிலிருந்து ஒரு நாட்குறிப்பு

டிசம்பர் 5, 2021, ஞாயிறு இரவு

எங்கள் கிளெம்சன் பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் தற்காப்பு ஒருங்கிணைப்பாளர் பிரென்ட் வெனபில்ஸ் போகிறார். ஓக்லஹோமா பல்கலைக்கழகம் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக அழைத்துக்கொண்டது. ஊரே துக்க வீடு போல இருக்கிறது.

அமெரிக்கக் கால்பந்து பழக்கமில்லாதவர்களுக்காக எழுதுகிறேன். எதிரணியிடம் பந்து இருக்கும்போது களத்தில் நிற்கும் நம் பதினொரு பேரை எங்கே நிறுத்துவது, யாரைப் பாயவிடுவது, யாரைப் பின்வாங்கச் சொல்வது என்று ஒவ்வொரு முறையும் முடிவு செய்பவர் தற்காப்பு ஒருங்கிணைப்பாளர். ஒரு மோதல் முடிந்து அடுத்தது தொடங்க நாற்பது நொடிதான். அதற்குள் எதிரணி யாரைக் களத்தில் இறக்குகிறது என்று பார்த்து, முடிவெடுத்து, கை சைகையால் உள்ளே அனுப்ப வேண்டும்.

2012 ஜனவரியில், பருவ முடிவில் நடக்கும் ஆரஞ்சு பவுல் ஆட்டத்தில் வெஸ்ட் வர்ஜீனியாவிடம் கிளெம்சன் எழுபது புள்ளிகளை வாங்கிக் கட்டிக்கொண்டது. அந்த அவமானத்துக்குப் பிறகு வந்தவர் வெனபில்ஸ். 2016, 2018 பருவங்களில் தேசியக் கோப்பை. ஆட்டத்தின்போது அவர் ஆவேசத்தில் களத்துக்குள் போய்விடாதபடி பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்து இழுக்க ஒருவர் நிற்பார். அந்தக் காட்சியை இனிப் பார்க்க முடியாது.

டிசம்பர் 11

அடுத்த அடி. தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் டோனி எலியட்டும் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போகிறார். ஒரே வாரத்தில் தலைமைப் பயிற்சியாளர் டாபோ ஸ்வினிக்கு இரண்டு கைகளும் போயின.

வெளியிலிருந்து பெரிய பெயர்களைக் கொண்டு வர வேண்டும் என்கிறார்கள் எல்லோரும். உள்ளூர் மாடு விலை போகாது என்பது எல்லா ஊருக்கும் பொருந்தும் போலிருக்கிறது. ஆனால் ஸ்வினியே உள்ளூர் மாடுதான். 2008 அக்டோபரில் அப்போதைய தலைமைப் பயிற்சியாளர் டாமி பவுடன் பாதிப் பருவத்தில் விலகியபோது, ஒருநாள்கூட ஒருங்கிணைப்பாளராக இருந்திராத ஸ்வினியிடம் அணியை ஒப்படைத்தார்கள். 2014 டிசம்பரில் தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் சாட் மாரிஸ் போனபோது ஸ்வினியும் அதையே செய்தார்: உள்ளேயே இருந்த எலியட்டையும் ஜெஃப் ஸ்காட்டையும் உயர்த்தினார். அவர்கள் பொறுப்பேற்ற முதல் ஆட்டத்தில் இதே ஓக்லஹோமாவை 40-6 என்று வீழ்த்தினார்கள். அவர் மறுபடியும் அதைத்தான் செய்வார் என்று என் மனம் சொல்கிறது.

டிசம்பர் 15

செய்தார். தாக்குதலுக்கு பிராண்டன் ஸ்ட்ரீட்டர். தற்காப்புக்கு வெஸ் குட்வின். கூடவே மிக்கி கான் இணை ஒருங்கிணைப்பாளர்.

குட்வின் யார் என்று ஊரில் பாதிப் பேர் கேட்கிறார்கள். முன்பு இங்கேயே கடைநிலை உதவியாளராக இருந்தவர். பிறகு தொழில்முறை லீக்கில் அரிசோனா கார்டினல்ஸ் அணியில் புரூஸ் ஏரியன்ஸுக்கு உதவியாளர். 2018இல் திரும்பி வந்து வெனபில்ஸுக்காக எதிரணிகளின் ஒளிப்பதிவுகளை அலசிக்கொண்டிருந்தார்.

இதில் ஒரு விதி இருக்கிறது. தலைமைப் பயிற்சியாளரைத் தவிர பத்து பேர்தான் களத்தில் வீரர்களுக்குப் பயிற்சி கொடுக்கலாம். குட்வின் அந்தப் பத்தில் இல்லை. ஒளிப்பதிவைப் பார்க்கலாம், திட்டம் தீட்டலாம், தாளில் வரைந்து கொடுக்கலாம். பயிற்சிக் களத்தில் ஒரு பையனிடம் "காலை இன்னும் கொஞ்சம் அகட்டி நில்" என்று சொல்லக் கூடாது. அப்படி இருந்தவர் இப்போது பதினொரு பேருக்கும் பொறுப்பு, லைன்பேக்கர்களுக்கு நேரடிப் பயிற்சியாளரும் அவரே.

பக்கத்து வீட்டுப் பெரியவர் பல ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளி அணிகளுக்குப் பயிற்சி கொடுத்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டில் எப்போதும் அவித்த கடலை இருக்கும். நம் ஊரில் கோயில் வாசலில் பொட்டலம் கட்டிக் கொடுப்பது போல, இந்த மாநிலத்தில் சாலையோரமெல்லாம் அதை விற்கிறார்கள். தோல் ஈரமாக இருக்கும் கடலைகளை எடுத்து மேசைமேல் பதினொன்று எதிரே பதினொன்று என்று அடுக்கினார். தற்காப்பு வரிசைக்குப் பின்னால் நின்ற ஒரு கடலையைச் சுண்டுவிரலால் தொட்டு, "இவன் லைன்பேக்கர். எதிரே இருப்பவன் காலை மாற்றி வைத்தால் இவன் இரண்டடி நகர வேண்டும். குட்வினுக்கு அது தெரியும். இவனுக்குத் தெரியவைப்பாரா என்பதுதான் கேள்வி" என்றார்.

எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. மறைவில் உழைத்த ஒருவரைத் தேடிப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள். அவர் ஜெயிக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

டிசம்பர் 29, நள்ளிரவு

ஆர்லாண்டோவில் முதல் தேர்வு. சீஸ்-இட் பவுல், எதிரணி அயோவா ஸ்டேட், அவர்களின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவர், பிராக் பர்டி. 20-13, வெற்றி! மரியோ குட்ரிச் பர்டியின் பந்தைப் பறித்து அப்படியே எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடி டச்டவுன் வைத்தார். கடைசி நிமிடங்களில் அயோவா ஸ்டேட் சமன் செய்ய முட்டிமோதியபோதும் தற்காப்பு பிடி கொடுக்கவில்லை. பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார்.

செப்டம்பர் 24, 2022

தொண்டை கட்டிப் போய்விட்டது. வின்ஸ்டன்-சேலத்தில் வேக் ஃபாரஸ்ட்டுடன் ஆட்டம். அவர்களின் குவார்ட்டர்பேக் சாம் ஹார்ட்மன் ஆறு டச்டவுன் பந்துகளை வீசினார். ஆறு! வெனபில்ஸ் காலத்தில் இப்படி ஒரு மதியத்தை நான் பார்த்ததில்லை. பையன்கள் தப்பான இடத்தில் நிற்கவில்லை. சரியான இடத்துக்கு ஒரு கணம் தாமதமாக வந்துகொண்டே இருந்தார்கள். சைகை வந்த பிறகும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டதைத் தொலைக்காட்சியிலேயே கண்டேன்.

இரண்டாவது கூடுதல் நேரத்தில் 51-45. எதிரணியின் கடைசி முயற்சியில் வந்த பந்தை நேட் விக்கின்ஸ் தட்டிவிட்டதால் பிழைத்தோம். நாள் முழுவதும் அவரைக் குறி வைத்து அடித்தார்கள். கடைசிப் பந்தில் அவரே நின்றார். அதற்காக அந்தப் பையனை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

நவம்பர் 27, 2022

நேற்று அரங்கில் இருந்தேன். பரம எதிரியான சவுத் கரோலைனாவிடம் 31-30. சொந்த மண்ணில் தொடர்ந்து நாற்பது வெற்றிகள் என்ற வரிசை அறுந்தது. எண்பதாயிரம் பேர் ஒரு சத்தமும் இல்லாமல் படி இறங்கிப் போனார்கள். எனக்கு முன்னால் நடந்த ஒரு சிறுமி, கன்னத்தில் வரைந்திருந்த நம் அணிச் சின்னமான புலிப் பாதத்தை அப்பாவின் சட்டையில் துடைத்துக்கொண்டே போனாள்.

டிசம்பர் 4

நம் அணி ஆடும் ஏசிசி என்ற பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் வட்டாரக் கோப்பை நமக்கு. நார்த் கரோலைனாவை 39-10 என்று சாய்த்தோம். டிரேக் மே வீசிய பந்தைப் பறித்து 98 கெஜம் ஓடினார் விக்கின்ஸ். வேக் ஃபாரஸ்ட்டில் திணறிய அதே பையன்! குட்வினுக்குக் கற்பிக்கத் தெரியாது என்று சொன்னவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்?

ஜனவரி 13, 2023

ஸ்ட்ரீட்டரை ஒரே ஆண்டில் அனுப்பிவிட்டார்கள். டிசியு அணியிலிருந்து காரெட் ரைலி வருகிறார். அன்று சேர்ந்து உயர்த்தப்பட்ட இரண்டு முதன்மை ஒருங்கிணைப்பாளர்களில் இப்போது மிஞ்சியிருப்பவர் குட்வின்.

ஜூன் 27, 2024

ஆட்டமே இல்லாத மாதம், ஆனாலும் எழுதியே ஆக வேண்டும். பத்து பேர் விதியைத் தளர்த்திவிட்டார்கள். இனி அணியில் உள்ள எந்த உதவியாளரும் களத்தில் இறங்கி வீரர்களுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். ஒரு வீரரின் தலைக்கவசத்துக்குள் வானொலி வைத்துப் பயிற்சியாளர் பேசவும் இந்தப் பருவத்திலிருந்து அனுமதி. ஒவ்வொரு மோதலுக்கும் உள்ள நாற்பது நொடியில் பதினைந்து நொடி மிச்சமிருக்கும்போது அது அணைந்துவிடும்.

செய்தியைப் படித்ததும் 2018இலிருந்து 2021 வரையான நான்கு பருவங்கள்தான் நினைவுக்கு வந்தன. அந்த நாட்களில் குட்வின் பயிற்சிக் களத்தில் பேச முடிந்திருந்தால், ஒரு பையனிடம் பத்து முறை சொல்லியும் புரியாமல் பதினோராவது முறை வேறு சொல்லில் சொல்லிப் பார்க்கும் பழக்கம் அவருக்கு அங்கேயே வந்திருக்கும். அதை எந்த ஒளிப்பதிவும் கற்றுத் தராது. ஏட்டுச் சுரைக்காய் என்று அவரை ஏசியவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. கறி சமைக்கக் கூடாது என்று விதி போட்டு அடுப்படிக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்த மனிதரைத்தான் ஏசினார்கள்.

டிசம்பர் 22, 2024

இந்தப் பருவத்தை என்னவென்று சொல்வது? இரண்டு வாரங்களுக்கு முன்னால் 56 கெஜத்திலிருந்து நோலன் ஹவுசர் உதைத்த உதையில் எஸ்எம்யு அணியை 34-31 என்று வென்று மறுபடியும் வட்டாரக் கோப்பை. நேற்று ஆஸ்டினில் டெக்சஸிடம் 38-24 தோல்வி.

நான்காவது கால்பகுதியில் 31-24 வரை நெருங்கினோம். பெரியவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். உடனே ஜேடன் ப்ளூ 77 கெஜம் ஓடிவிட்டார். மறுஒளிபரப்பில் பெரியவர் நிறுத்தி நிறுத்திக் காட்டினார். ஒரு லைன்பேக்கர் உள்பக்கம் ஓரடி வைத்துவிட்டார்; பந்து வெளிப்பக்கம் போயிற்று. அந்த ஓரடியை அவர் திரும்ப எடுப்பதற்குள் ப்ளூ அவரைக் கடந்துவிட்டார். டெக்சஸ் ஓட்டத்தில் மட்டும் 292 கெஜம் எடுத்தது. இப்படி ஓடவிடுவது பருவம் முழுவதும் நமக்கு இருந்த நோய்.

பெரியவர் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

ஜனவரி 16, 2025

குட்வினை விடுவித்துவிட்டார்கள். அவர் இடத்துக்கு பென் ஸ்டேட்டிலிருந்து டாம் ஆலன் வருகிறார். இந்தியானாவில் ஏழு பருவங்கள் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர்.

ஸ்வினியின் முடிவைத் தவறென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் மூன்று பருவங்களில் இரண்டு வட்டாரக் கோப்பைகள் என்பதைச் சொல்லாமல் குட்வினை வழியனுப்புவது நியாயமில்லை. 2021இல் அவரை உயர்த்தியது பிழை என்று இன்று எழுதுகிறவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். 2019இலேயே பத்து இடங்களில் ஒன்றைக் கொடுத்து லைன்பேக்கர்களை அவரிடம் விட்டிருக்க வேண்டும். இரண்டு படிகளைத் தாண்டி ஏறச் சொன்னார்கள், அவரும் ஏறினார்.

மாலையில் பெரியவர் வீட்டுக்குப் போனேன். அடுப்பில் கடலை கொதித்துக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் கடைசியில் எல்எஸ்யு அணி ஆட இங்கே வருகிறது என்று நினைவுபடுத்தினார். பிறகு மேசையில் கடலைகளை அடுக்கி, லைன்பேக்கர் இடத்தில் இருந்ததை என் பக்கம் தள்ளி, "இவனுக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்? இருபத்தைந்து நொடி தருகிறேன்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. எடுத்துத் திரும்ப அதே இடத்தில் வைத்தார். "இன்னொரு முறை" என்றார்.