கண்ணை மூடாதே

இதுவரை 23 ஃப்ளைகள் கட்டியிருக்கிறேன்; மீனை ஏமாற்றத் தூண்டில் முள்ளில் இறகையும் நூலையும் சுற்றிச் செய்கிற போலி இரைகள். மிஞ்சியவை ஒரு மாத்திரை டப்பாவில் இருக்கின்றன. ஞாயிறு முதல் சனி வரை ஏழு அறைகள் கொண்ட பழைய டப்பா அது. ஞாயிற்றுக்கிழமை அறையில் தனியாகக் கிடப்பது நான் முதன்முதலில் கட்டியது. பூச்சி மாதிரியும் இல்லை, சின்ன மீன் மாதிரியும் இல்லை. குளியலறை வடிகாலில் சிக்கிய முடிக்கொத்தை முள்ளில் மாட்டியது போல இருக்கும்.

இரண்டு வருடமாக ஃப்ளை ராடு, அதாவது ஃப்ளை வீசும் தூண்டில் கோல், வைத்து மீன் பிடிக்கிறேன். பிடிக்கிறேன் என்பது கொஞ்சம் மிகை. கரையோர மரங்களுக்கு ஃப்ளை சப்ளை செய்கிறேன். "வாங்கி வாங்கி மரத்துல தொங்க விடுறதுக்கு நீயே கட்டித் தொங்க விடலாமே மாப்ள" என்று அத்தான்தான் ஆரம்பித்து வைத்தார். இதில் காசு மிச்சமாகும் என்று நினைத்து இறங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆகாது. ஒரு ஃப்ளைக்கு ஒரு இறகு போதும். ஆனால் இறகை ஒற்றை இறகாக யாரும் விற்பதில்லை.

அத்தான் ஒரு சாயங்காலம் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தார். எடுத்த எடுப்பில் கட்டச் சொன்னது ஊலி பக்கர். பென்சில்வேனியாக்காரரான ரஸ்ஸல் பிளெஸ்ஸிங் 1967-இல் உருவாக்கிய ஃப்ளை. ஒரு வால், குஞ்சம் போன்ற ஷெனில் நூலில் ஓர் உடம்பு, அதன் மேல் சுருளாகச் சுற்றிய ஒரு சேவல் இறகு, அவ்வளவுதான். தண்ணீரில் இழுத்தால் மீனுக்கு அது அட்டையாகத் தெரியலாம், குஞ்சு மீனாகத் தெரியலாம், ஏதோ ஒரு புழுவாகவும் தெரியலாம். புதிதாகக் கட்டுகிறவனுக்கு இது பெரிய சலுகை. நாம் கட்டியது எதைப் போலவும் இல்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது.

முள் 8-ஆம் நம்பர், தண்டு நீளமானது. தூண்டில் முள்ளில் நம்பர் ஏற ஏற முள் சிறுத்துக்கொண்டே போகும். இது தெரியாமல், பெரிதாக இருந்தால் கட்டச் சுலபம் என்று 14-ஆம் நம்பர் பாக்கெட் ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். அத்தான் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பிரிக்காமலேயே ஓரமாக வைத்தார். நூல் 140 டெனியர் (நூலின் பருமனைச் சொல்லும் அளவு), கறுப்பு. பாபின் என்றதும் அம்மா தையல் மிஷினில் மாட்டும் குட்டிச் சக்கரம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. இது வேறு. நூல்கண்டை இரண்டு கம்பிக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, மெல்லிய குழாய் வழியாக நூலை விடுகிற கருவி. கையை எடுத்தால் முள்ளிலிருந்து அப்படியே தொங்கும், அதன் கனமே நூலை இறுக்கமாக வைத்திருக்கும். நடுவில் தும்மலாம், எழுந்து போய்க் கதவைத் திறக்கலாம், கண்ணாடியைத் தேடலாம். கட்டியது அவிழாது.

கண்ணாடியைத்தான் நிறையத் தேடினேன். வயது 51.

இறகைத் தண்டின் மேல் வைத்து நூலைச் சுற்றினால், இறகும் நூலோடு சேர்ந்து உருண்டு அந்தப் பக்கம் போய்விடும். அதற்கு ஒரு வழி உண்டு. இறகையும் முள்ளையும் சேர்த்துக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். நூலைத் தளர்வாக அந்த விரல்களுக்கு நடுவே ஏற்றி, மறுபக்கம் இறக்கி, பிறகு நேராகக் கீழே இழுக்க வேண்டும். எழுதும்போது இரண்டு வரிதான். என் விரல்களுக்கு இது புரிய ஒரு வாரம் ஆனது.

வாலுக்கு மாரபூ. ஒரு காலத்தில் நிஜமாகவே மாரபூ நாரையின் இறகு. இப்போது அந்தப் பெயரில் வருவது வான்கோழியின் பஞ்சு இறகு. பெருமூச்சு விட்டால் மேஜையைத் தாண்டிப் போகும், நானோ நிறையப் பெருமூச்சு விட்டேன். விரலை நனைத்துக்கொண்டு தொட்டால் அடங்கிவிடும் என்று அப்புறம்தான் தெரிந்தது. வால் தண்டின் நீளம் இருந்தால் போதும். நான் கட்டிய மூன்றாவதன் வால் அதைப்போல மூன்று மடங்கு. மீன் வாலை மட்டும் கடித்துப் பார்த்துவிட்டு முள் பக்கமே வராமல் போய்விடும் என்றார் அத்தான். கத்தரிக்கோலால் வெட்டினால் துடைப்பம் மாதிரி மொட்டையாக நிற்கும். நகத்தால் கிள்ளி எடுக்க வேண்டும்.

அன்று கிளம்பும்போது வாசலில் நின்று அவர் சொன்னது ஒன்றுதான்: "கண்ணை மூடிடாத மாப்ள." கவனமாக இரு என்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன். அவர் சொன்னது முள்ளின் கண்ணை, தூண்டில் நரம்பைக் கோக்கும் முன்பக்கத்துச் சின்ன வளையத்தை.

நான்கு முதல் பதினொன்று வரை எல்லாவற்றிலும் கண்ணை மூடிவிட்டேன். வால் மட்டும்தான் பின்னால். ஷெனிலின் முனை, சேவல் இறகின் அடி, அந்த இறகை இறுக்கிப் பிடிக்கும் மெல்லிய செம்புக் கம்பி என்று மற்றதெல்லாம் கடைசியில் முன்னால் வந்து முடியும். அதற்கும் மேல் நூலால் ஒரு தலை கட்டி, பசை தடவ வேண்டும். உடம்பு அழகாக வருகிறதே என்று நான் ஷெனிலைக் கண் வரைக்கும் சுற்றிக்கொண்டே போவேன். தலைக்கு இடமே இருக்காது. நூலை முன்பக்கம் திணித்துத் திணித்துச் சுற்றுவேன். மேஜையில் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. ஆற்றங்கரையில் விடிந்தும் விடியாத நேரத்தில் நரம்பைக் கோக்கப் போனபோதுதான் கண்ணே இல்லை என்று தெரிந்தது. ஊசியால் குத்தினேன். பசையோடு சேர்ந்து நூலும் அறுந்து, நான் கட்டிய ஏழாவது ஃப்ளை என் உள்ளங்கையிலேயே அவிழ்ந்து விழுந்தது.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை ஃப்ளைகளைப் பெரும்பாலும் கண்ணில்லாத முள்ளில்தான் கட்டினார்கள். குதிரைமுடியையோ குடல் நரம்பையோ தண்டோடு சேர்த்தே கட்டிவிடுவார்கள். ரோமாபுரி எழுத்தாளர் ஈலியன் கி.பி. 200 வாக்கில், மாசிடோனியர்கள் முள்ளில் சிவப்புக் கம்பளியைச் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே வளரும் இரண்டு இறகுகளைக் கட்டி மீன் பிடித்ததை எழுதியிருக்கிறார். கொடுத்து வைத்தவர்கள், இந்தப் பிரச்சினையே அவர்களுக்கு வந்திருக்காது என்று அத்தானிடம் சொன்னேன். "குதிரைமுடி வாங்கித் தரவா?" என்றார்.

மூடிய கண்ணோடு மிச்சம் கிடந்த ஏழு ஃப்ளைகளையும் பிளேடால் அறுத்தேன். முள்ளாவது மிஞ்சட்டும் என்றுதான் உட்கார்ந்தேன். கட்டியதை விட அறுத்ததில்தான் நிறைய விளங்கியது. வாலைப் பிடித்திருந்த இடத்தில் ஒரு சின்ன உருண்டை மாதிரி நூல். அவிழ்த்து எண்ணினேன்: நாற்பத்தொரு சுற்று. ஐந்தாறு போதுமான இடம். ஒவ்வொரு தடவையும் "எதற்கும் இன்னும் ரெண்டு" என்று சுற்றியது நானேதான். நூல் அறுந்துவிடுமோ என்று பயந்து இறுக்காமல் விட்டதை எண்ணிக்கையால் ஈடுகட்டியிருக்கிறேன்.

அதனால் ஒரு சாயங்காலம் வேறு எதுவும் கட்டவில்லை. வெறும் முள்ளில் நூலைச் சுற்றி அறுந்துபோகிற வரைக்கும் இழுத்தேன். அறுந்ததும் மறுபடி சுற்றினேன். பத்துப் பன்னிரண்டு தடவைக்குப் பிறகு, அறுவதற்கு ஒரு நொடி முன்னால் நூல் லேசாக நீள்வது விரலுக்குத் தெரிந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தப் பழகினேன். இப்போது வாலுக்கு ஆறு சுற்று, அசையாது. கண்ணுக்குப் பின்னால் இரண்டு கண் அளவு இடம் விட்டு, முதலிலேயே நூலால் ஓர் எல்லை போட்டுவிடுகிறேன். ஷெனில் அதைத் தாண்டக் கூடாது.

கடைசி முடிச்சு என் வலது கைக்கு வரவே இல்லை. நூலை அதன் மேலேயே ஐந்து சுற்றுச் சுற்றி அடியில் இழுத்துப் புதைக்க வேண்டும். துடைப்பக் கம்பில் தாம்புக் கயிற்றைக் கட்டிப் பழகினேன். அதைப் பற்றி வீட்டில் பேசியதையெல்லாம் இங்கே எழுத வேண்டாம்.

23-ஆவதைத் தண்ணீர் டம்ளரில் போட்டுப் பார்த்தேன். உலர்ந்திருக்கும்போது குண்டாக இருந்தது நனைந்ததும் ஒடுங்கியது. நூலை லேசாக ஆட்டினால் வால் தானாக அலைந்தது. அரை மணி நேரம் ஆட்டிக்கொண்டிருந்திருப்பேன். "குடிக்கிற டம்ளர்லயா?" என்று கேட்டபடி மனைவி அந்த டம்ளரை எனக்கே கொடுத்துவிட்டாள், நிரந்தரமாக.

அத்தானுக்கு வீடியோவில் காட்டினேன். ஃபோனை மூக்கு வரைக்கும் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"கண் தெரியுது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "தலை பெருசு."

அந்த 14-ஆம் நம்பர் பாக்கெட்டைப் பிரிக்கலாமா என்று கேட்டேன்.

"முதல்ல கண்ணாடிய மாத்து மாப்ள."