சுண்ணாம்புக் கூட்டுக்குள் இருந்தவன்

பண்ருட்டிப் பக்கம் மாமாவின் தோப்பில், 2011 தானே புயலுக்கு அப்புறம் நட்ட முந்திரி ஒன்று நின்றபடியே காய்ந்துபோனது. அடிமரத்தைப் பிளந்தால், முட்டை ஓடு மாதிரி வெள்ளையாக ஒரு சுண்ணாம்புக் கூடு. உள்ளே உயிரோடு ஒரு நீளக்கொம்பு வண்டு. கையில் எடுத்ததும் கழுத்தை ஆட்டி ஆட்டிக் கிரீச்சிட்டது.

"தண்டுத் துளைப்பான்தானே மாப்ளே, இதுக்கு என்ன ஆராய்ச்சி?" என்றார் மாமா.

கூட்டைப் பார்த்ததுமே நியோபுளோசிடெரஸ் என்ற வண்டுப் பேரினம் என்று தோன்றிவிட்டது. ஆனால் முந்திரியைத் துளைப்பதில் அண்ணன் தம்பி போல இரண்டு இனங்கள் உண்டு. ஒபீசஸ் என்றால் உடம்பெல்லாம் சாம்பல் நிற மென்மயிர் படர்ந்திருக்கும். ஃபெருஜினியஸ் என்றால் இறக்கையுறை செம்பழுப்பு, தலையும் மார்பும் கருத்திருக்கும். என்னுடையது சாம்பலாகத்தான் தெரிந்தது. ஒபீசஸ் என்று நோட்டில் எழுதியும்விட்டேன்.

மறுநாள் ஈரத் தூரிகையால் துடைத்தால் சாம்பல் அப்படியே தூரிகையோடு வந்தது. வெறும் மரத்தூள்! அடியில் துருப்பிடித்த இரும்பின் நிறம். உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் 1758-இல் வைத்த ஃபெருஜினியஸ் என்ற பெயருக்கும் அதுதான் பொருள். நோட்டில் அடித்துத் திருத்தினேன்.

"பேரு கிடைச்சுதா? சரி, பக்கத்து மரத்தையும் வந்து பாரு" என்றார் மாமா. அங்கேயும் தூரில் பிசினும், வண்டு துளைத்த தூளும்.