அமாவாசைக் கணக்கும் களா நோன்புக் கணக்கும்

கிராம சுகாதாரச் செவிலியர் வேலையில் வாய் ஓயாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: “கடைசியா எப்போ குளிச்சீங்க?” கடைசி மாதவிலக்கு எப்போது என்பதைத்தான் இப்படிக் கேட்போம். பதிவேட்டில் அதற்குத் தேதி எழுத வேண்டும். ஆனால் எங்கள் கடற்கரையில் தேதியாகப் பதில் வருவது அபூர்வம். மண்டபம், பாம்பன் பக்கம் பாசி எடுக்கப் போகிறவர்கள், “அமாவாசை கழிஞ்சு மூணாம் நாள்” என்பார்கள். கீழக்கரை, தேவிபட்டினம் பக்கம் நோன்பை வைத்துச் சொல்வார்கள். கேட்டு எழுதிப் பழகியபின், இந்தக் கணக்குகளில்தான் விஷயமே இருக்கிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது.

பாசிக்காரர்களுக்கு அமாவாசையும் பௌர்ணமியும் முக்கியம். அந்த நாட்களை ஒட்டித்தான் கடல் நன்றாக வற்றும், முங்கிப் பாசி பறிக்கத் தோதாக இருக்கும். அதனால் வீட்டு விலக்கு எந்தப் பக்கம் விழுகிறது என்று கவனிக்காமல் இருக்கமாட்டார்கள். “முன்னெல்லாம் சரியா பௌர்ணமிக்கு வரும் நர்சம்மா, இப்போ ஒரு வாரம் முந்தியே வந்துருது, என்ன கோளாறுன்னு தெரியல” என்று ஒரு அக்கா வந்து நின்றார். காலண்டரை எடுத்துவைத்து உட்கார்ந்தோம். ஒரு பௌர்ணமிக்கும் அடுத்த பௌர்ணமிக்கும் நடுவே ஏறக்குறைய இருபத்தொன்பதரை நாள். அவருக்கு வருவதோ 28 நாளைக்கு ஒருமுறை. மாதம் ஒன்றரை நாள் முந்தினால் ஐந்து மாதத்தில் ஒரு வாரம் ஆகிவிடும். அவர் உடம்பு மாறவே இல்லை, நிலவுதான் தள்ளிப்போயிருக்கிறது. இங்கிலீஷ் மாதத்தை வைத்துப் பார்த்தாலும் இதே குழப்பம்தான்.

பெரியவர்களுக்கு 21 நாளிலிருந்து 35 நாளுக்குள் எப்போது வந்தாலும் சரி. வயதுக்கு வந்த பிள்ளைகளுக்கு முதல் இரண்டு மூன்று வருடம் 45 நாள் வரைகூட இழுக்கும். மூன்று மாதம் வராமலே இருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். பக்கத்து வீட்டு மதினிக்கு எத்தனை நாள் என்பது இதில் சேர்த்தியே இல்லை. தனக்கு வழக்கமாக எப்படி வரும், அதில் என்ன மாறியது என்பதுதான் பார்க்க வேண்டியது.

நாள் கணக்காவது வந்துவிடும். எவ்வளவு படுகிறது என்று கேட்டால் கிடைக்கும் பதில், “எல்லாருக்கும் போலத்தான்.” எல்லாருக்கும் எப்படி என்று யாருக்குத் தெரியும்? ஒரு தடவைக்கு 80 மில்லிக்கு மேல் போனால் அதிகம் என்று பாடத்தில் படித்தோம். அதை யார் அளந்து பார்ப்பது? அதனால் நான் வேறு மாதிரி கேட்பேன். ராத்திரி துணி மாற்ற எழுந்திருக்கிறீர்களா? நாப்கினோடு துணியும் சேர்த்து வைக்கிறீர்களா? கட்டி கட்டியாகப் போகிறதா? பஸ்ஸில் உட்காரப் பயமாக இருக்கிறதா?

நாற்பதைத் தாண்டிய ஒருவர், முங்கினால் முன்போல மூச்சுப் பிடிக்க முடியவில்லை, வயசாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். விரல்களில் பாறை கிழிக்காமல் இருக்கச் சுற்றிய துணியைக்கூட அவிழ்க்கவில்லை, கரையேறி நேராக வந்திருந்தார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். உள்ளே சிவப்பே இல்லை, வெளிறிக் கிடந்தது. ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் 7. பெண்களுக்கு 12-க்குக் குறையக் கூடாது. மேலே சொன்ன நாலு கேள்விக்கும் ஆமாம் என்றார். ஒரு வருடத்துக்கு மேலாக இப்படித்தானாம். “உப்புத்தண்ணிக்குள்ள எறங்கினா நின்னுரும், அதனால பெருசா நெனைக்கல.” தண்ணீருக்குள் இருக்கும்வரை வெளியே தெரிவது குறையும், அவ்வளவுதான். உள்ளே போக்கு நிற்பதில்லை. ராமநாதபுரத்துக்கு அனுப்பி ஸ்கேன் எடுத்ததில் கர்ப்பப்பையில் நார்க்கட்டி. மூச்சுக்கும் வயசுக்கும் சம்பந்தமே இல்லை.

நோன்புக் கணக்கு இன்னும் கறாரானது. ரமலானில் விலக்கு நாட்களில் விட்ட நோன்பைப் பிறகு களாவாக, அதாவது ஈடாகப் பிடிக்க வேண்டும் என்பதால் விட்டது எத்தனை என்று பெண்கள் தப்பாமல் வைத்திருப்பார்கள். போன வருடம் ஆறு, இந்த வருடம் பதினொன்று என்று ஒருவர் சொன்னார். நடுவில் கருத்தடைக்காகக் காப்பர் டி போட்டிருந்தார். போட்ட முதல் சில மாதங்களுக்குப் போக்கு கூடுவது உண்டு, பெரும்பாலும் அப்புறம் மட்டுப்படும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா என்ற கருத்தடை ஊசி இதற்கு நேர் எதிர்: முதலில் சொட்டுச் சொட்டாகப் படும், பிறகு பலருக்கு வராமலே நின்றுவிடும். “ரத்தமெல்லாம் வயித்துக்குள்ள தேங்கிருமே” என்று பயப்படுவார்கள். கருப்பையின் உள்தோல் கனமாக வளரவில்லை, அதனால் கழிய ஒன்றுமில்லை என்று சொன்னால் சில மாமியார்கள் என்னைச் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள்.

கோயில் கொடை, கல்யாணம் என்றால் மெடிக்கலில் தள்ளிப்போடும் மாத்திரையைத் தாங்களாகவே வாங்கிப் போடுவது எனக்குப் பிடிக்காத விஷயம். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் வந்துவிடும், சிலருக்குக் கொட்டும். காலில் ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்கள் அதைத் தொடவே கூடாது.

மகளுக்காக வரும் அம்மாக்களை நான் சும்மா அனுப்புவதில்லை. பிள்ளை விஷயம் முடிந்ததும், “சரி, உங்களுக்கு எப்படி?” என்பேன். “எனக்கென்ன, நின்னு ரெண்டு வருஷமாச்சு” என்று சிரிப்பார்கள். அப்படிச் சிரித்த ஒருவர் வாசல்வரை போய்த் திரும்பி, “போன மாசம் மட்டும் லேசா பட்டுச்சு, சூடுன்னு நெனச்சேன்” என்றார். நின்று ஒரு வருடம் ஆனபிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் பரிசோதித்தே ஆக வேண்டும். பலருக்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது, ஆனால் புற்றுநோயின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம். மகளுக்குச் சத்து மாத்திரை கொடுத்துவிட்டு, பெரியாஸ்பத்திரிக்கு அம்மா பெயரில் சீட்டு எழுதினேன்.