தேங்காய்ப்பட்டணம் முதல் நீரோடி வரை: ஏ.வி.எம். சானல்கரையில் சைக்கிள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மேடு ஏறாமல் பத்துக் கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்க இடம் தேடுவது எளிதன்று. விளவங்கோடு, கல்குளம் பக்கங்களில் ஒரு ஏற்றத்தை முடித்து மூச்சு வாங்குவதற்குள் அடுத்த ஏற்றம் எதிரே நிற்கும் என்பதை, இங்கே கியர் இல்லாத சைக்கிள் வைத்திருக்கும் எவரும் சொல்வார்கள். அதனால்தான் சைக்கிள் பழகத் தொடங்குபவர்களுக்கும், முட்டுவலியைக் காரணம் காட்டித் தயங்குபவர்களுக்கும் ஏ.வி.எம். சானல் என்னும் பழைய கால்வாயின் கரையை நான் முதலில் சொல்வது வழக்கம். தோவாளை சானலும் அனந்தனார் சானலும் வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோக வெட்டப்பட்டவை என்பதால் சரிவைத் தேடி ஓடுகின்றன. இதுவோ வள்ளங்கள் சரக்கேற்றிச் செல்வதற்காக, ஒரு கழிமுகத்திலிருந்து அடுத்த கழிமுகத்துக்குக் கடல்மட்டத்திலேயே வெட்டப்பட்டது. தண்ணீர் சமமாக நிற்கும் இடத்தில் கரையும் சமமாகத்தான் இருக்கும்.

திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் காலத்தில், 1860-ஆம் ஆண்டில் இந்தப் பணி தொடங்கியது. அனந்தபத்மநாப சுவாமி, விக்டோரியா அரசி, மன்னர் ஆகிய மூவர் பெயரும் சேர்ந்து இதற்கு அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் என்ற நீண்ட பெயர் அமைந்தது. அது மூன்று எழுத்தாகச் சுருங்கிவிட்டதால், சென்னைப் படப்பிடிப்பு நிலையத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதை வெளியூர் நண்பர்களிடம் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை கடலில் இறங்காமலேயே சரக்கு போய்வர வேண்டும் என்பதுதான் திட்டம். நெய்யாறு கடலில் சேரும் பூவாறு, குழித்துறை வழியாக வரும் நம்முடைய தாமிரபரணி கடலில் சேரும் தேங்காய்ப்பட்டணம், பழைய துறைமுகமான குளச்சல் ஆகியவற்றைக் கோத்துக்கொண்டு கால்வாய் வந்தது. பணி தொடங்கிய அதே ஆண்டில் மன்னர் காலமானார். கிழக்கே மண்டைக்காடு வரைதான் சானல் எட்டியது. கன்னியாகுமரியை அது இன்றுவரை தொடவில்லை.

முழு நீளத்தையும் ஒரே மூச்சில் பார்த்துவிட ஆசைப்பட வேண்டாம். கண்ணுக்கு இதமான பகுதி மேற்குப் பகுதிதான். தேங்காய்ப்பட்டணம் மீன்பிடித் துறைமுகத்தின் அருகே புறப்பட்டு, ஆற்றுப் பாலத்தைக் கடந்து இரயுமன்துறையில் இறங்கினால், அங்கிருந்து பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று, இரயுமன்துறையையும் சேர்த்து எட்டு ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இடப்பக்கம் கடல், வலப்பக்கம் சானல், நடுவிலுள்ள ஒடுங்கிய மணல்திட்டில் ஊர். ஒரு ஊரின் தேவாலயக் கோபுரம் பின்னால் மறையும் முன்பே அடுத்த ஊரின் கோபுரம் தென்னை உச்சிகளுக்கு மேலே தெரிந்துவிடுவதால், வழி கேட்க வேண்டிய தேவையே இல்லை. உள்நாட்டுப் பக்கம் போக வேண்டியவர்கள் சானலுக்குக் குறுக்கேயுள்ள சிறு பாலங்களைக் கடந்தாக வேண்டும். அந்தப் பாலங்களின் மேல் நின்று பார்த்தால், இருபுறத் தென்னைகளும் தண்ணீரின் மேல் சாய்ந்து நிற்க, சானல் கண்ணுக்கெட்டும் வரை நேராகப் போவது தெரியும்.

கரைப்பாதை முழுக்கத் தொடர்ச்சியாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. சில இடங்களில் வீட்டு மதில் தண்ணீர் வரை வந்துவிட்டது. அங்கெல்லாம் ஊர்ச்சாலைக்கு ஏறி, அடுத்த சந்தில் மீண்டும் கரைக்கு இறங்க வேண்டும். ஆகாயத்தாமரை மூடிய இடங்களும், நெகிழிப் பைகள் ஒதுங்கிக் கிடக்கும் இடங்களும் உண்டு. அழகான பயணம் என்று சொல்லி அழைத்துவிட்டு இதை மறைப்பது முறையாகாது.

நாற்றத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் எல்லா நாற்றமும் குப்பையால் வருவதன்று. சானலின் ஓரங்களில் கதம்பை, அதாவது தேங்காய் மட்டை, ஊறப்போடும் இடங்களைக் கடக்கும்போது அழுகிய முட்டையின் வாடை வரும். உப்பும் நன்னீரும் கலந்த இத்தகைய கழிநீரில் தேங்காய் மட்டையை ஆறு முதல் பத்து மாதம் வரை அமிழ்த்திவைத்தால், நாரைப் பிணைத்து வைத்திருக்கும் பசைப்பொருளை நுண்ணுயிர்கள் தின்றுவிடுகின்றன. அதன் பிறகு தடியால் அடித்துப் பிரித்தால் வெளிர்நிறத் தும்பு கிடைக்கும். மேற்குக் கரைக் கயிற்றுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அந்தத் தும்புதான். கரையோரம் சைக்கிளை நிறுத்திக் கூர்ந்து பார்த்தால், கறுத்த தண்ணீரின் மேற்பரப்பில் சிறுசிறு குமிழிகள் ஒவ்வொன்றாக எழுந்து உடைவதும், மூழ்காமல் மிதக்கும் ஓரிரு மட்டைகளின் மேல் நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைப்பதும் தெரியும். மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, கதம்பை அடுக்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் சிரித்தார். "மக்களே, இந்த நாத்தத்துலதான் எங்க வீட்டுல சோறு பொங்குச்சு. எங்க அப்பன் காலத்துல தேங்காயும் ஓலையும் வள்ளத்துலதான் வரும், ரோட்டுல வராது" என்றார். கழையை ஊன்றித் தள்ளியும், ஆழம் கூடிய இடங்களில் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தும் வள்ளத்தைக் கொண்டுபோவார்களாம்.

கயிறு கட்டி இழுப்பது என்றதும் அமெரிக்காவின் செசபீக்–ஒகையோ கால்வாய் என் நினைவுக்கு வந்தது. வாஷிங்டனின் ஜார்ஜ்டவுனிலிருந்து ஒகையோ ஆறு வரை வெட்டுவதாக 1828-இல் தொடங்கிய அந்தக் கால்வாயும் எண்ணிய இடத்தை எட்டவில்லை. 1850-இல் கம்பர்லாந்து என்ற ஊரோடு, ஏறத்தாழ 297 கிலோமீட்டரில் நின்றுபோனது. படகுகளைக் கோவேறு கழுதைகள் இழுத்துச் செல்வதற்காகத் தண்ணீரையொட்டி ஒரு பாதை அமைத்திருந்தார்கள். மலைப்பக்கம் ஏற வேண்டியிருந்ததால் அங்கே படகை மட்டத்துக்கு மட்டம் ஏற்றி இறக்கும் 74 மதகுகள் தேவைப்பட்டன; நம்முடையது கடல்மட்டத்திலேயே இருப்பதால் அந்தச் சிக்கல் இல்லை. 1924-இல் வந்த வெள்ளத்தோடு அங்கே படகுப் போக்குவரத்து நின்றது. ஆனால் கழுதைகள் நடந்த பாதை அழியவில்லை. 1971 முதல் அது தேசிய வரலாற்றுப் பூங்காவாக இருக்கிறது, ஆண்டு முழுவதும் அதில் சைக்கிள்கள் ஓடுகின்றன.

நம்முடைய சானலும் அரசின் கண்ணில் படாமல் போய்விடவில்லை. 2016-ஆம் ஆண்டின் தேசிய நீர்வழிகள் சட்டத்தில், பூவாற்றிலிருந்து இரயுமன்துறை வரையிலான 11 கிலோமீட்டர் தேசிய நீர்வழி எண் 13 என்று பட்டியலிடப்பட்டிருக்கிறது. படகு வரட்டும், நல்லதுதான். ஆனால் தூர் வாரி, பாலங்களை உயர்த்தி, ஆக்கிரமிப்பை அகற்றிப் படகு விடுவதற்கு முன்பே, கரையில் இரண்டு மீட்டர் அகலத்தில் ஒரு மண்பாதையைத் தொடர்ச்சியாகச் செப்பனிட முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது. அது பள்ளிப் பிள்ளைகளுக்கும் மீன் சுமக்கும் பெண்களுக்கும் அன்றாடம் பயன்படும். என்னைப் போன்றவர்கள் வார இறுதியில் வந்துபோவது அதற்கு மேல்தான்.

இந்த ஊர்களின் வழியே சைக்கிளில் போவதன் பயன், நின்று பேச முடிவதுதான். தூத்தூர் வட்டாரத்து மீனவர்கள் சுறா பிடிக்க வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்குபவர்கள். குஜராத் கடற்கரை வரை அவர்களுடைய விசைப்படகுகள் போய்வருகின்றன. 2017 நவம்பர் 30 அன்று வந்த ஒக்கிப் புயலில் இந்த ஊர்களிலிருந்து போன பலர் திரும்பவில்லை. மாலையிட்ட படங்கள் முன்னறையிலேயே மாட்டியிருக்கும் வீடுகளைத் தாண்டித்தான் பாதை செல்கிறது. அங்கே படமெடுக்கக் கைப்பேசியை எடுக்காமல் இருப்பது நல்லது. கடற்பக்கம் போனால் கருங்கல் தடுப்புச்சுவரும், கடலுக்குள் நீளும் கல்வரிசைகளான தூண்டில் வளைவுகளும் தெரியும். கடல் ஒவ்வொரு மழைக்காலத்திலும் அரித்துக்கொண்டே வருவதால், ஒருபுறம் அலைக்கும் மறுபுறம் சானலுக்கும் நடுவே இந்த ஊர்கள் பின்வாங்க இடமின்றி நிற்கின்றன.

போக விரும்புபவர்களுக்குச் சில குறிப்புகள். ரயிலில் வருபவர்கள் குழித்துறையில் இறங்கலாம். மார்த்தாண்டத்திலிருந்து புதுக்கடை வழியாகத் தேங்காய்ப்பட்டணம் வரும் சாலையில் மேடுபள்ளம் உண்டென்பதால், சைக்கிளை வண்டியில் ஏற்றிவருவதே மேல். காலையில் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டால் வெயில் முதுகில் விழும். மாலையானால் நீரோடியில் தொடங்குவது சரி. ஜூன் முதல் செப்டம்பர் வரை கடற்காற்று எதிராகவோ பக்கவாட்டிலோ தள்ளும். அக்டோபர், நவம்பர் மழையில் கரைமண் வழுக்கும். டிசம்பர் கடைசி முதல் மார்ச் வரை தோதான காலம். வழியில் மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) மீன்குழம்பும் கிடைக்கும் கடைகள் உண்டு, ஆனால் பத்து மணிக்கு மேல் மீன்குழம்பு மிஞ்சியிருக்கும் என்று சொல்ல முடியாது.

நீரோடியில் தமிழ்நாடு முடிகிறது. ஒரே அரசு வெட்டிய சானல் 1956 நவம்பர் 1 முதல் இரண்டு மாநிலங்களுக்குச் சொந்தம். காலில் தெம்பு இருந்தால் பொழியூர் வழியாகப் பூவாறு வரை மிதிக்கலாம். அங்கே சுற்றுலாப் படகுகள் ஓடுகின்றன. இந்தச் சானலில் என்ன ஓட வேண்டுமென்று 1860-இல் நினைத்தார்களோ, அதற்குச் சற்றேனும் நெருங்கிய ஒன்றை அந்த முனையில் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.