சாம்பல் செய்த வேலை: உப்புவெளி மணலில் இரண்டு எருக் குவியல்கள்

எங்கள் வளவு திருகோணமலை உப்புவெளியில். கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். அதனால் மண் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, சிப்பி ஓடு கலந்த மணல்தான். ஊற்றிய தண்ணீரும் நிற்காது, போட்ட பசளையும் நிற்காது. 2021இல் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது பலரையும்போல நானும் கூட்டெரு போடத் தொடங்கினேன். வெறும் சருகும் சமையல் கழிவும் மக்கிய எருவில் கத்தரி உயிரோடு இருந்தது, அவ்வளவுதான். காய்க்கவில்லை. சரி, எருவுக்கே சத்தேற்றிப் பார்ப்போம் என்று இந்த வருடம் இறங்கினேன்.

முதல் குவியல் வைகாசியில். நீளம், அகலம், உயரம் எல்லாம் மூன்றரை அடி. இதைவிடச் சின்னதாக வைத்தால் சூடு பிடிக்காது. மாட்டெரு, வேலியில் வெட்டிய கிளிசீரியாத் தழை, வைக்கோல், மாஞ்சருகு, மீன் வெட்டுகிற இடத்தில் கேட்டு வாங்கிய தலையும் குடலும் ஒரு வாளி, பொஸ்பரசுக்கு எப்பாவலையில் தோண்டியெடுக்கும் பாறைப் பொஸ்பேற்று இரண்டு கிலோ. பொட்டாசியமும் வேண்டுமே என்று அடுப்புச் சாம்பல் இரண்டு வாளி. எல்லாச் சத்தும் ஒரே குவியலில்! என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் கிளறும்போது கண் எரிந்தது. பக்கத்து வளவு அக்கா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, “மீனப் போடாதீங்க தம்பி எண்டு அப்பவே சொன்னன்” என்றார். நானும் முதலில் மீனைத்தான் சந்தேகப்பட்டேன். ஆனால் மீன் அழுகினால் வருவது வேறு நாற்றம். இது மூக்கில் ஏறிக் குத்துகிற அமோனியா. சாம்பல் காரம், அதாவது அமிலத்துக்கு எதிர்க்குணம். காரம் ஏறிய குவியலில், அதுவும் சூடாக இருக்கும்போது, மாட்டெருவிலும் மீனிலும் உள்ள நைதரசன் அமோனியா வாயுவாகிப் பறந்துவிடும். எதற்காக மீன் சுமந்தேனோ அதுவே காற்றோடு போய்க்கொண்டிருந்தது.

பொஸ்பேற்றுக்கும் அதே கேடுதான். எப்பாவலக் கல் தண்ணீரில் இலேசில் கரையாது. எரு மக்கும்போது உண்டாகும் அமிலங்கள்தான் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். நானோ சாம்பலைக் கொட்டி அந்த அமிலத்தையும் முறித்துவிட்டேன். நேரே பாத்தியில் தூவலாமே என்றால், சிப்பி மணலும் காரம்தான். கல் கல்லாகவே கிடக்கும்.

ஆனியில் இரண்டாவது குவியல். சாம்பல் ஒரு பிடிகூட இல்லை. பொட்டாசியத்துக்குக் குலை வெட்டிய வாழைக் குற்றிகளைத் துண்டு போட்டேன். கந்தளாய்ப் பக்கத்து அரிசி ஆலையொன்றில் இரண்டு சாக்கு உமி எடுத்துக் கரியாக்கினேன். இதில்தான் பொறுமை வேண்டும்: கறுத்ததும் தண்ணீர் ஊற்றி அணைக்காவிட்டால் பழையபடி சாம்பல்தான் மிஞ்சும். உமிக்கரியின் நுண்துளைகள் சத்தைப் பிடித்து வைத்திருக்கும். மணலுக்கு இல்லாத குணம் அது. மீனை நடுவில் வைத்துச் சுற்றிலும் ஒரு சாண் தடிப்பில் சருகும் தும்பும் போட்டேன். மேலே தகரம், தகரத்தில் கல். முதல் தடவை நாய்கள் நடத்திய விருந்தை மறக்க முடியுமா? அக்கா இம்முறை கருவாட்டுக் கழிவு தரப் பார்த்தார். உப்புக்குப் பயந்து வேண்டாம் என்றுவிட்டேன்.

நாற்றம் இல்லை. ஐந்தாம் நாள் நடுவில் செருகியிருந்த இரும்புக் கம்பியை உருவினால் கையில் பிடிக்க முடியவில்லை. கச்சான் காற்று ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருந்ததால் கிடுகு சாத்தி, கிளறும்போதெல்லாம் தண்ணீர் தெளித்தேன். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும், அதுதான் கணக்கு. ஆவணி முடிவில் மண் வாசம். மீன் தாடை எலும்புகள் மட்டும் கிடந்தன, விரலால் நசுக்கினால் பொடிந்தன.

புரட்டாதியில் இரண்டு பாத்தி வெண்டி. ஒரே விதை, ஒரே நாள், ஒரே அளவு தண்ணீர். முதல் எருப் பாத்தியில் நான்காம் கிழமையே அடியிலைகள் மஞ்சளாகின. நைதரசன் போதாததற்கு அதுதான் அடையாளம். இரண்டாவதில் இலை கரும்பச்சை, தண்டும் தடிப்பு. முதல் பாத்தியில் ஒரு பறிப்பு ஒரு கறிக்குக் காணாது. இரண்டாவதில் பறித்தால் மதிலுக்கு மேலாலும் கொடுக்கலாம். முதல் பாத்தியில் பின்னேரம் முருங்கை நிழல் விழுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். குற்றம் முழுவதும் சாம்பலுடையதல்ல.

இடையில் ஒரு நாள் படலை திறந்து கிடந்து, கட்டாக்காலி மாடொன்று நல்ல பாத்தியில் நான்கு செடியை மேய்ந்துவிட்டது. சுமாரான பாத்தியை அது திரும்பியும் பார்க்கவில்லை.

மாரி தொடங்கிவிட்டது. மிச்ச எருவை மொத்தமாகப் போட்டால் மழை கொண்டுபோய்விடும். சாக்கில் கட்டித் தாவாரத்தில் வைத்து, இரண்டு கிழமைக்கொரு தடவை செடிக்கு ஒரு சிரட்டை கொடுக்கிறேன். அடுத்த குவியலை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் உமிக்கரி போட இருக்கிறேன். வெண்டி அப்படிக் காய்த்தது கரியாலா, சாம்பல் போடாததாலா என்பது இன்னும் பிடிபடவில்லை.