சீலிங் கறை: பெயிண்ட் டப்பாவைத் திறக்கும் முன்

டீ சிந்தினாற்போல் விளிம்பு கட்டிய பழுப்பு வட்டம். அதன்மேல் நேராக எமல்ஷன் அடித்தால், பெயிண்ட்டில் இருக்கும் தண்ணீரே கறையைக் கரைத்து மேலே இழுத்துவிடும். மூன்று கோட் அடித்தாலும் அதே கதைதான்.

முதலில் மொட்டைமாடிக் கசிவை அடைத்துவிடுங்கள். பிறகு ஓரடிச் சதுர பாலிதீனைக் கறைமேல் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தால் ஈரம் இன்னும் போகவில்லை, பொறுங்கள்.

வெள்ளை உப்புப் பூத்திருந்தால் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள், கழுவாதீர்கள். விரலால் தட்டி, பொத்தென்று கேட்கும் பட்டியை (பெயிண்ட்டுக்கு அடியில் சமப்படுத்தப் பூசிய மாவை) சுரண்டி எடுங்கள். கறைக்கு மட்டும் ஆயில் பிரைமர், அதாவது கறை மேலே வராமல் தடுக்கும் அடிப்பூச்சு. மறுநாள் பட்டி, 180 நம்பர் உப்புத்தாள், பிரைமர், இரண்டு கோட் எமல்ஷன். சீலிங் முழுக்க அடிக்க வேண்டும். ஒட்டுப்போட்டால் பட்டென்று தெரியும்.

கான்கிரீட்டுக்குள் கம்பி ஓடும் திசையில் வெடிப்பும் துருநிறமும் தெரிந்தால், கூப்பிட வேண்டியது பெயிண்டரை அல்ல, கொத்தனாரை.