நாலாவது சீட்டு

மதுரை கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடையில் பதினோரு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். பருப்பு, வற்றல், மல்லி, புளி, எல்லாமே மூட்டைக் கணக்குதான். கொஞ்ச காலம் முன்பு வரை எங்கள் கோடவுனிலிருந்து ஒரு மூட்டை வெளியே போக நாலு சீட்டு வேண்டும். கடையில் எழுதும் ஆர்டர் சீட்டு, கோடவுனுக்குப் போகிற மஞ்சள் சீட்டு, வண்டிக்காரர் கையில் ஒன்று. நாலாவதைக் கோடவுன் பெரியவர் பாதியாகக் கிழித்துக் கம்பியில் குத்திவைப்பார். பில் என்பது இதெல்லாம் முடிந்து, சாயந்திரம் நான் சாவகாசமாகப் போடுவது.

அந்தச் சாவகாசத்துக்கு வேட்டு வைத்தது இ-இன்வாய்ஸ், அதாவது வியாபாரிக்குப் போடும் பில்லை அரசின் இணையதளத்தில் பதிவது. வருஷத்துக்கு 5 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் அது கட்டாயம். பதிவானதை ரத்து செய்ய 24 மணி நேரம்தான். நாங்களோ ரெண்டு நாள் கழித்து முதலாளி அண்ணாச்சி போன் போட்டு, "அந்தப் பில்லுல ரெண்டு மூட்டையக் குறைச்சுருப்பா" என்றால் குறைத்துப் பழகியவர்கள். ரத்து செய்ய முடியாத பில்லுக்கெல்லாம், தொகையைக் குறைத்துக் காட்டும் கிரெடிட் நோட்டாகப் போட்டுத் தள்ளினேன். கடைசியில் அண்ணாச்சியே, ஆர்டர், சரக்கு, பில் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் ஈஆர்பி சாஃப்ட்வேர் வாங்கிவிடலாம் என்றார்.

சாஃப்ட்வேர் போட வந்த தம்பிகள் எங்களைக் கேட்டுக் கேட்டு நாலு சீட்டையும் நாலு திரையாக ஆக்கிக் கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நாங்கள் கேட்டதே அதைத்தான். முன்பு கார்பன் பேப்பர் செய்த வேலையை இப்போது நாலு பேர் உட்கார்ந்து தட்டினார்கள். முதல் நாள் காலை ஏழு மணிக்கே பில் நின்றுபோனது. 'ஸ்டாக் இல்லை' என்கிறது திரை. கண்ணெதிரே துவரம் பருப்பு மலையாகக் கிடக்கிறது.

"ஏப்பா, விருதுநகர் லோடு ராத்திரி ரெண்டு மணிக்கு இறங்குது. அதுக்குப் பில்லு பகல் பதினோரு மணிக்கு வருது. அதுக்குள்ள நாப்பது மூட்டை போயிருது. உங்க கம்ப்யூட்டருக்கு அத யாரு சொன்னா?" என்றார் பெரியவர்.

யாரும் சொல்லவில்லை. கொள்முதல் பில் வந்தால்தான் சரக்கு வந்ததாக எழுதுவது எங்கள் பழக்கம். ரெண்டையும் பிரித்தோம். லோடு இறங்கியதும் வரவுப் பதிவு: லாரி நம்பர், சரக்கு, மூட்டை எண்ணிக்கை. விலையே கிடையாது. பில் வந்த பிறகு ஆர்டர், வரவு, பில் மூன்றையும் ஒத்துப்பார்த்து நான் விலை ஏற்றுவேன். ஜிஆர்என் (சரக்கு வரவுச் சீட்டு) என்று இதற்கான திரை முதலிலிருந்தே இருந்தது. நாங்கள்தான் வேண்டாமென்று மறைக்கச் சொல்லியிருந்தோம்! அதிலிருந்த பதினேழு கட்டங்களில் பதினாலை எடுத்த பிறகே பெரியவர் போனைக் கையில் வாங்கினார்.

பருப்பு விஷயத்தில் இன்னொரு கூத்து. 25 கிலோ வரை அடைத்து லேபிள் ஒட்டிய பருப்புக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத ஜிஎஸ்டி, அதற்கு மேற்பட்ட மூட்டைக்கு இல்லை. பழைய கணக்கில் எல்லாமே ஒரே 'து.பருப்பு'. வரி உண்டா இல்லையா என்பது என் மனக்கணக்கு. நான் லீவு போட்ட நாட்களில் என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். 25, 30, 50 கிலோவைத் தனித்தனிச் சரக்காகப் பிரித்து எழுதவே மூன்று வாரம் ஆனது.

அதெல்லாம் ஓடத் தொடங்கியதும் எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. ஆர்டரையும் மஞ்சள் சீட்டையும் ஒன்றாக்கினேன். வண்டிச் சீட்டைப் பில்லோடு சேர்த்தேன். நாலாவது எதற்கென்று கடையில் கேட்டால், "அது எப்பவும் உண்டு" என்றார்கள். நிறுத்திவிட்டேன். பெரியவர் அந்த வாரம் பேத்தி காதுகுத்துக்காக உசிலம்பட்டி போயிருந்தார்.

சனிக்கிழமை சாயந்திரம் லோடுமேன்கள் கூலிக்கு வந்து நின்றார்கள். யார் எத்தனை மூட்டை தூக்கினார்கள் என்பது அந்தப் பாதிச் சீட்டின் பின்பக்கம் பென்சிலில் இருந்திருக்கிறது. ஆளுக்கு ஒரு குறி: ஒருவருக்கு வட்டம், ஒருவருக்குப் பெருக்கல். சரக்குக் கணக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பதினோரு வருஷத்தில் ஒரு சீட்டைக்கூட நான் திருப்பிப் பார்த்ததில்லை. குத்துமதிப்பாகக் கொடுத்தோம், ஒருவருக்கும் திருப்தியில்லை. திங்கள் இரவு வந்த லோடு விடியும்வரை இறங்காமல் லாரியிலேயே கிடந்தது. அண்ணாச்சி என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ரெண்டு திட்டு திட்டியிருக்கலாம்.

பெரியவர் திரும்பி வந்ததும் கம்பியோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சீட்டாகக் கேட்டேன். சரக்கு வெளியே போகும் திரையில் 'ஏற்றியவர்' என்று ஒரு கட்டம் சேர்த்தோம். பெயரைத் தட்டுவது அவருக்குச் சரிவரவில்லை. அதனால் வட்டத்தையும் பெருக்கலையுமே பொத்தானாக வைத்தாயிற்று. சனிக்கிழமை கூலிப் பட்டியல் இப்போது குறிகளோடு அச்சாகி வருகிறது. புதிதாகச் சேர்ந்த ஆளுக்கு மட்டும் இன்னும் முடிவாகவில்லை. முக்கோணம் கொடுத்தோம்; வேண்டாமாம், நட்சத்திரம்தான் வேண்டுமாம்.